புது கிட்டாருக்கு வயரிங் மாற்றுகிறீர்களா? ஜாக்கிலிருந்து தொடங்குங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி மூன்றாம் மாதம் எல்லோருக்கும் வருகிற ஆசைதான் எனக்கும் வந்தது: பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள், மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருந்த ஒரு சிநேகிதனிடம் சொல்லி மூன்று நல்ல பிக்கப் எடுப்பித்தேன். ஒரு ஞாயிறு முழுக்க கொழும்பு வெள்ளவத்தை வீட்டு மேசையில் குந்தியிருந்து பூட்டினேன். அம்ப்பில் கொழுவினால் அதே கரகரப்பு, அதே இரைச்சல், இடையிடையே சத்தம் நின்று நின்று வருவதும் அப்படியே. பிழை ஜாக்கில், அதாவது கேபிள் செருகும் துளையில், இருந்தது. உள்ளே ஒரு வயர் பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. சேர்த்துப் பற்றவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு யார் கிட்டாரைக் கொண்டுவந்தாலும் நான் பின்னாலிருந்து முன்னுக்குத்தான் வருவேன். கேபிள், ஜாக், ஏர்த் (நிலத்தொடர்பு வயர்), பொட் (வொலியூம், டோன் குமிழுக்குக் கீழே இருக்கும் மின்தடைப் பாகம்), சுவிட்ச் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பிக்கப். ஒவ்வொரு கட்டத்திலும் வாசித்துப் பார்ப்பேன். பாதி வழியிலேயே "இது போதும்" என்று தோன்றினால் அதோடு நிறுத்திவிடலாம். 2022இல் டொலர் இருநூறு சொச்சம் ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறிய பிறகு, வெளியிலிருந்து பிக்கப் எடுப்பிப்பது சின்னச் செலவில்லை.

இங்கே ஸ்ட்ராட் வகைக் கிட்டாரை வைத்தே எழுதுகிறேன். முதல் கிட்டார் என்று இங்கே பலர் வாங்குவது அந்த வடிவம்தான். ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுற்று இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மூன்று பிக்கப், ஒரு வொலியூம், இரண்டு டோன். தொடக்கத்தில் சுவிட்சில் மூன்று நிலைதான் இருந்தது, ஐந்து நிலைச் சுவிட்ச் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கியது 1977இல்.

திறக்கும் முன்

முதலில் வேறொரு கேபிளைக் கொழுவிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், என்னிடம் வந்த "பழுதான" கிட்டார்களில் சிலவற்றின் வருத்தம் கேபிளில்தான் இருந்தது.

அப்புறம் அம்ப்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, கம்பிகளைக் கையால் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் ஏர்த் ஒழுங்காக இருக்கிறது. தொட்டாலும் மாற்றமில்லை என்றால் பிரிட்ஜுக்கு (கம்பிகள் உட்காரும் உலோகப் பாகம்) போகும் ஏர்த் வயர் விட்டிருக்கும். தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கச் சந்தர்ப்பம் அதிகம்.

அடுத்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பின் காந்தத்தையும் மெதுவாகத் தட்டுங்கள். சுவிட்ச் நிலைக்கேற்ப "டொக்" என்று பெரிதாகக் கேட்க வேண்டும். எந்த நிலையில் எது வேலை செய்கிறது என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொட்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்றும் குறியுங்கள்.

வாங்கிய கடையின் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், திறந்த பிறகு அது செல்லுமா என்று ஒருக்கா கேட்டுவிடுவது நல்லது.

சாமான்கள்

சோல்டரிங் அயன் 40 முதல் 60 வாட் வரை இருக்க வேண்டும், முனை உளி போலத் தட்டையாக இருந்தால் நல்லது. பேனை போன்ற 25 வாட் அயன் சின்ன வயருக்குச் சரி. பொட்டின் முதுகுக்கு அது போதாது, அந்தத் தகரம் சூட்டை அப்படியே குடித்துவிடும். ஈயம் 60/40 வகையில், நடுவில் ரோசின் உள்ளதாக, 0.8 அல்லது 1 மில்லிமீற்றர் தடிப்பில் வாங்குங்கள். தகர வேலைக்குப் பாவிக்கும் அமிலப் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துக் கடற்காற்றில் அது தடவிய இடம் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

மல்ட்டிமீற்றர், வெட்டுக்குறடு, பழைய ஈயத்தை உறிஞ்சும் பம்ப், மாஸ்கிங் டேப், ஒட்டுப் பக்கமும் மின்சாரம் கடத்தும் செப்புத் தாள் டேப். இவ்வளவுதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு காலைக்குள் பெரும்பாலும் எல்லாம் எடுத்துவிடலாம். மல்ட்டிமீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏனென்றால் பொட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. 250 கிலோ ஓம் என்று போட்டிருப்பது 20 சதவீதம் கூடியோ குறைந்தோ, 200 முதல் 300 வரை எங்கேயும் இருக்கலாம். ஒரு தரம் நான் கடை மேசையில் ஆறு பொட்டைப் பரப்பி ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தேன். கடைக்கார நானா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆறையும் அளந்துபோட்டு ஒண்டத்தானா தம்பி எடுக்கப் போறீங்க?" என்றார்.

"இல்ல நானா, மூண்டு."

"அப்ப சரி, அளங்க." அடுத்த பெட்டியையும் எடுத்துத் தந்தார்.

எந்தப் பொட், எந்தக் கெப்பாசிட்டர்

ஒரே சுருள் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரண்டு சுருள் சேர்ந்த ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலின் ஒரு பங்கு எப்போதும் பொட் வழியாக ஏர்த்துக்குக் கசியும். எண் குறையக் குறைய அந்தக் கசிவு கூடும், மேல் ஸ்தாயிக் கூர்மை மழுங்கும். சிங்கிள் கொயிலுக்கு இயல்பாகவே கூர்மை அதிகம், அதனால் 250இல் அது அடங்கி வரும். ஹம்பக்கருக்கு உள்ள கொஞ்சக் கூர்மையையும் காப்பாற்றத்தான் 500.

கடைகளில் 250 எப்போதும் கிடைக்காது. 500 கிடைத்தால் அதன் இரண்டு வெளிக்கால்களுக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால், வொலியூமுக்கு ஏறக்குறைய 242 ஆகிவிடும். சோல்டர் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எண்ணுக்கு முன் ஏ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஆடியோ வகை, பி என்றால் நேர்கோட்டு வகை. எனக்கு வொலியூமுக்கும் டோனுக்கும் ஏ வகைதான் பிடிக்கும். பி வகையில் 10 முதல் 3 வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று குறையும்.

வாங்கும் முன் அளவையும் பாருங்கள். மலிவான கிட்டார்களில் வருவது 16 மில்லிமீற்றர் அகலச் சின்னப் பொட். அமெரிக்கப் பெரிய பொட்டின் கழுத்து ஏறக்குறைய 9.5 மில்லிமீற்றர். அது பழைய ஓட்டைக்குள் போகாது, ஓட்டையைப் பெருப்பிக்க வேண்டும். தண்டின் பல் எண்ணிக்கையும் வேறு, ஆகவே பழைய குமிழும் இறுகப் பொருந்தாது. மரக்குழியின் ஆழத்தைத் தீக்குச்சியால் அளந்து கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

டோன் பொட்டோடு பூட்டும் கெப்பாசிட்டருக்கு 223 என்று எழுதிய சின்னப் பிளாஸ்டிக் வகை போதும். 22க்குப் பின் மூன்று சைபர், அதாவது 22,000 பிக்கோஃபாரட், வேறு மாதிரிச் சொன்னால் 0.022 மைக்ரோஃபாரட். டோனைக் குறைக்கும்போது இன்னும் இருட்டாக வேண்டும் என்றால் 473. இதற்குப் பக்கமில்லை, எப்படித் திருப்பிப் பூட்டினாலும் சரி. எண்ணெய் ஊற்றிய பழைய காலத்துக் கெப்பாசிட்டர் என்று சொல்லி நூறு மடங்கு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். எண் ஒன்றாக இருந்தால் என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜாக்கும் ஏர்த்தும்

கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்கள் பூட்டியிருக்கும் வெள்ளைப் பலகையின் 11 ஸ்க்ரூக்களையும் கழற்றி, பலகையை மெதுவாகப் புரட்டுங்கள். வயர் எதையும் வெட்டுவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். கிட்டாரின் வார்னிஷ் மேல் ஒரு துணி விரித்து, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு துளி ஈயம் விழுந்தால் அந்த வடு கிட்டார் உள்ளவரை இருக்கும்.

ஜாக்கில் இரண்டு கால்தான். நீண்டு வளைந்த தகட்டோடு சேர்ந்த கால் சிக்னலுக்கு, வட்ட உடலோடு சேர்ந்தது ஏர்த்துக்கு. தொழிற்சாலை ஜாக் தளர்ந்திருந்தால் அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் நல்லதாக ஒன்று மாற்றிவிடுங்கள். கிட்டார் முழுவதிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு காசு செலவழிப்பது இந்த ஒரு சாமானுக்குத்தான்.

பிரிட்ஜின் ஏர்த் வயர் பின்பக்கக் குழியில் ஸ்பிரிங் பிடிக்கும் இரும்பு நகத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். மல்ட்டிமீற்றரின் 'பீப்' நிலையில் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் ஏர்த் காலிலும் வையுங்கள். சத்தம் வராவிட்டால் அந்த நகத்தைப் பாருங்கள். பெரிய இரும்பு என்பதால் அயனை நன்றாகச் சூடாக்க வேண்டும், பற்றவைக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடவும் வேண்டும்.

சோல்டர் வேலையில் கை பழகாதவர்கள் விடும் பிழை ஒன்றுதான்: அயனில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து மேலே பூசுவது. அப்படிப் பூசிய ஈயம் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும், ஒட்டாது. அயனின் தட்டை முனையை உலோகத்தின் மேல் அழுத்தி வைத்து, இரண்டு மூன்று வினாடி பொறுத்து, ஈயத்தை அயனில் இல்லாமல் உலோகத்தில் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் ஈயம் சட்டென்று தண்ணீராகி ஓரம் தெரியாமல் பரவும். அயனை எடுத்த பிறகு ஈயம் இறுகும்வரை வயரை ஆட்டக் கூடாது. ஐந்து வினாடியில் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு ஆறவையுங்கள். தொடர்ந்து சுட்டால் பொட்டின் உள்ளே இருக்கும் கரித்தடம் போய்விடும். யன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். ஈயம் ஈயம்தான்.

செப்புத் தாள்

குழியின் உட்புறத்துக்கும் பலகையின் பின்புறத்துக்கும் செப்பு டேப் ஒட்டுங்கள். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். எந்த இரண்டு மூலையைத் தொட்டாலும் மீற்றர் 'பீப்' சொல்ல வேண்டும். குழியிலிருந்து ஒரு வயரை வொலியூம் பொட்டின் முதுகுக்குக் கொண்டுவாருங்கள். சமையலறை அலுமினியத் தாளில் செய்தால் மலிவுதான், ஆனால் அதில் சாதாரண ஈயம் பிடிக்காது.

இதனால் எல்லாம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு போன்றவை தரும் ரீங்காரம் நன்றாகக் குறையும். சிங்கிள் கொயிலுக்கே உரிய 50 ஹேர்ட்ஸ் உறுமல் காந்தப் புலத்தால் வருவது, செப்பு அதைத் தடுக்காது. இரண்டு பிக்கப் சேரும் சுவிட்சின் இரண்டாம், நாலாம் நிலைகளில் அது அடங்கினால் உங்கள் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. ஜாக்கின் நீண்ட தகடோ சுவிட்சின் காலோ செப்பில் முட்டினால் கிட்டார் ஊமையாகிவிடும். கேபிளைச் செருகும்போது அந்தத் தகடு வெளியே விரியும், ஆகவே செருகிய நிலையில் பாருங்கள். முட்டும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சரி.

சுவிட்சும் பொட்களும்

சுவிட்சில் எட்டுக் கால். நாலு நாலாக இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று பொதுக் கால், மற்ற மூன்றும் மூன்று பிக்கப்புக்கு. மலிவான பெட்டி வடிவச் சுவிட்சில் எட்டும் ஒரே வரிசையில் நிற்கும், ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆகவே வயரிங் வரைபடத்தைப் பார்க்காதீர்கள், மீற்றரைக் கேளுங்கள். எல்லா நிலையிலும் எது இன்னொரு காலோடு 'பீப்' சொல்கிறதோ அது பொதுக் கால். முனை நிலையில் அதோடு சேர்வது ஒன்று, இரண்டாம் நிலையில் சேர்வது இரண்டு. பத்து நிமிடத்தில் எட்டுக்கும் பெயர் எழுதிவிடலாம்.

வொலியூம் பொட்டை முதுகு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் ஜாக்குக்குப் போவது, வலது காலை வளைத்து முதுகில் பற்றவைக்க வேண்டும். டோன் பொட்டில் சுவிட்சிலிருந்து வரும் வயர் வலது காலுக்கு. இரண்டு டோனின் நடுக்கால்களையும் ஒரு வயரால் சேர்த்து, அங்கிருந்து கெப்பாசிட்டரை ஒரு பொட்டின் முதுகுக்கு விடுங்கள். மூன்று பொட்டின் முதுகுகளும் ஒரு வயரால் இணைந்திருக்க வேண்டும். முதுகில் ஈயம் பிடிக்க முதலில் உப்புத்தாளால் உரசுங்கள்.

அப்புறம் சுவிட்ச். பிக்கப்களின் சிக்னல் வயர் மூன்றும் முதல் பக்கத்து மூன்று கால்களுக்கு, பொதுக் கால் வொலியூமின் இடது காலுக்கு. இரண்டு பக்கத்துப் பொதுக் கால்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இரண்டாம் பக்கத்தில் நெக் (கழுத்துப் பக்கப் பிக்கப்) கால் முதல் டோனுக்கு, நடுப் பிக்கப்பின் கால் இரண்டாம் டோனுக்கு. பிரிட்ஜ் கால் சும்மா நிற்கும். அதனால்தான் ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கிடையாது, அதனால்தான் அது காதைக் குத்துகிறது. அந்தச் சும்மா நிற்கும் காலையும் பக்கத்திலுள்ள நடுப் பிக்கப் காலையும் ஒரு விரல் நீள வயரால் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் டோன் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

வொலியூமைக் குறைக்கும்போது சத்தம் மந்தமாகிறது என்று தோன்றினால், 681 என்று எழுதிய 680 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, வொலியூமின் இடது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் பற்றவையுங்கள். எப்போதும் வொலியூமைப் பத்திலேயே வைத்து வாசிப்பவருக்கு இது தேவையில்லை.

பழைய பொட் கரகரப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் மாற்றும் முன் எலெக்ட்ரோனிக் கொண்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு சொட்டு அடித்து இருபது தரம் திருப்பிப் பாருங்கள். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம்.

பிக்கப்

இவ்வளவும் முடித்து ஒரு கிழமை வாசித்த பிறகும் பிக்கப் மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றுங்கள். மலிவுப் பிக்கப்பில் கீழே ஒட்டிய செராமிக் காந்தம் இருக்கும். பழைய முறைப் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு அல்நிக்கோ காந்தத் தண்டு இருக்கும். வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஆனால் செராமிக் என்றாலே குப்பை என்பது வெறும் கதை.

பிக்கப் சுருளின் செப்பு இழை தலைமயிரைவிட மெல்லியது. முதல் தடவை நான் ஸ்க்ரூ டிரைவரைத் தவறவிட்டு ஒரு சுருளை உரசிவிட்டேன். மீற்றர் வாசிப்பே காட்டவில்லை, நல்ல பிக்கப் ஒன்று ஒரு நொடியில் செத்துப்போனது. ஆகவே காந்தத்தின் பக்கம் இரும்பு ஆயுதம் கொண்டுபோகும்போது பிக்கப்பின் மூடி மேலேயே இருக்கட்டும்.

நாலு வயர் ஹம்பக்கர் என்றால் நிறம் கம்பனிக்குக் கம்பனி வேறு. சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னலுக்கு, வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு சிக்னலுக்கு, கறுப்பையும் வெள்ளையையும் சேர்க்க வேண்டும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த்துக்கு. இரண்டையும் குழப்பினால் சத்தம் மெலிந்து மூக்கடைத்த மாதிரி வரும்.

இரண்டு கம்பனிப் பிக்கப்பைக் கலந்தால் பற்றவைக்கும் முன்னே திசையைச் சோதிக்கலாம். பிக்கப்பின் இரண்டு வயரையும் ஓம் நிலையில் மீற்றரோடு பிடித்து, காந்தத்தில் ஸ்க்ரூ டிரைவரின் தட்டைப் பக்கத்தை வைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் கூடும் அல்லது குறையும். எல்லாப் பிக்கப்பும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் எதிராகச் செய்தால் அதன் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டுங்கள்.

மூடும் முன்

கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மீற்றரை வையுங்கள். வொலியூம் பத்தில், ஒரு சிங்கிள் கொயிலுக்கு ஏறக்குறைய 6 கிலோ ஓம் காட்ட வேண்டும். இரண்டாம், நாலாம் நிலைகளில் இரண்டு பிக்கப் பக்கம் பக்கமாகச் சேர்வதால் 3 வரை இறங்கும். வொலியூமைச் சைபருக்குக் கொண்டுவந்தால் சைபர். எந்த நிலையிலாவது 250க்குக் கிட்ட நின்றால் அந்தப் பிக்கப் இணையவில்லை. எப்போதும் சைபர் என்றால் ஏதோ ஒரு கால் செப்பில் முட்டுகிறது. பதினொரு ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பக் கழற்றும் வேலையை இந்த இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தும்.

அம்ப்பின் பிளக்கையும் ஒருக்கா பாருங்கள். கிட்டாருக்குள் ஆபத்தான மின்சாரம் எதுவும் இல்லை. ஆனால் கம்பிகள் கேபிள் வழியாக அம்ப்பின் ஏர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. இங்கே சுவரில் இருப்பது 230 வோல்ட். வட்ட முள் பொயிண்ட் உள்ள பழைய வீடுகளில், ஏர்த் முள் இல்லாத அடாப்டர் போட்டு அம்ப்பைக் கொழுவுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். வால்வ் அம்ப் என்றால் அதை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

புதுக் கம்பி போட்டு, கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, தடித்த கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் என்று தொடங்குங்கள். இன்னும் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் கம்பியை இழுக்கும், சுருதி நடுங்கும். அங்கிருந்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, காதால் பிடியுங்கள். கழற்றிய பழைய பிக்கப், பொட், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரு சிப் பையில் போட்டு, கிட்டாரின் பெயரையும் திகதியையும் எழுதி லாச்சியில் வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் அவற்றைத் திருப்பிப் பூட்டி, நல்ல சாமான்களை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.